வெளிநடப்பும் ஒரு ஓட்டுதான்

சின்னதாக ஒரு கணக்கு. பேப்பர், பேனா வேண்டாம். 125-லிருந்து 12-ஐக் கழியுங்கள். 113. அந்தப் பன்னிரண்டைக் கொண்டுபோய் 105-உடன் சேருங்கள். 117.

2019 டிசம்பர் 11-ம் தேதி இரவு, ராஜ்யசபாவில் குடியுரிமைத் திருத்த மசோதா 125-க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்த 125 பேரில் அ.தி.மு.க.வின் 11 பேர் உண்டு, பா.ம.க.வின் ஒருவர் உண்டு. இந்தப் பன்னிரண்டு பேரும் அன்றைக்கு வேறு பட்டனை அமுக்கியிருந்தால் 113-க்கு 117. மசோதா அந்த இரவே படுத்திருக்கும். அதற்கப்புறம் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி நிறைவேற்றியிருப்பார்களா என்பது வேறு கதை. ஆனால் டெல்லி முதல் வண்ணாரப்பேட்டை வரை லட்சக்கணக்கான பேரை வீதிக்கு இழுத்த ஒரு சட்டத்தின் தலையெழுத்து, சில நிமிடங்கள் நம்மூர்க்காரர்களின் விரல் நுனியில் இருந்தது. அந்த விரல்களை அனுப்பிவைத்தது நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்கள்.

ஒன்றே கால் வருஷம் கழித்து, 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அதே அ.தி.மு.க. ஒரு தேர்தல் அறிக்கை வெளியிட்டது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதில் ஒரு வாக்குறுதி. ஓட்டுப் போட்டு உள்ளே கொண்டுவந்த விருந்தாளியை, ‘எப்போ சார் கிளம்புறீங்க?’ என்று கேட்கிற மாதிரி.

இதைச் சொன்னால் கட்சிக்காரர்கள் கோபப்படுவார்கள். இருக்கட்டும். எல்லாக் கட்சிக்காரர்களையும் இந்தக் கட்டுரைக்குள் கோபப்படுத்திவிடலாம் என்றுதான் உத்தேசம். சிவசேனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே மசோதாவுக்கு லோக்சபாவில் ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு, ராஜ்யசபாவில் வெளிநடப்புச் செய்தவர்கள் அவர்கள். ஒரே மசோதா, ஒரே கட்சி, ஒரே வாரம்!

நான் சொல்ல வருவது குடியுரிமைச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது பற்றியல்ல. இந்தக் கழித்தல் கூட்டலை நம்மால் போட முடிந்ததே, அதைப் பற்றி. அந்த இரவு யார் எந்தப் பக்கம் என்பது எண்ணப்பட்டது, பதிவானது. அதனால்தான் பிறகு தமிழ்நாட்டு மேடைகளில் ‘பதினொன்று பிளஸ் ஒன்று’ என்று வெளுத்துக் கட்ட முடிந்தது. எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. பெரும்பாலான நாட்களில் நம் எம்.பி. எந்தப் பக்கம் என்பது கடவுளுக்கும் கட்சித் தலைமைக்கும் மட்டுமே வெளிச்சம்.

காரணம், குரல் வாக்கெடுப்பு. கல்யாண மண்டபத்தில் ‘எல்லோரும் சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கிற மாதிரி, அவைத் தலைவர் ‘ஆதரிப்பவர்கள் ஆம் என்று சொல்லுங்கள்’ என்பார். ஒரு சத்தம் வரும். ‘எதிர்ப்பவர்கள் இல்லை என்று சொல்லுங்கள்’ என்பார். இன்னொரு சத்தம் வரும். எந்தச் சத்தம் பெரிசு என்று அவரே தீர்மானித்து, மசோதா நிறைவேறியதாக அறிவித்துவிடுவார். யார் கத்தினார், யார் வாயை மூடிக்கொண்டிருந்தார், யார் கேன்டீனில் இருந்தார்? எதற்கும் ரெக்கார்டு இல்லை. அரசியல் சட்டத் திருத்தம் என்றால்தான் கட்டாயம் எண்ண வேண்டும். மற்றதற்கெல்லாம் யாராவது எழுந்து ‘டிவிஷன்’ என்று கேட்டால்தான் மணி அடிப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், பட்டன் அமுக்கச் சொல்வார்கள், பெயர் பதிவாகும்.

கேட்டும் கிடைக்காத நாள் ஒன்று உண்டு. 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. வேளாண் மசோதாக்கள். கொரோனா காலம் என்பதால் ராஜ்யசபா உறுப்பினர்களை லோக்சபா மண்டபத்திலும் மாடங்களிலுமாகப் பிரித்து உட்காரவைத்திருந்தார்கள். மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தி.மு.க.வின் திருச்சி சிவா உள்ளிட்டவர்கள் தீர்மானம் கொடுத்திருந்தார்கள். எண்ணுங்கள், எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கத்தின. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் எண்ணவில்லை. குரல் வாக்கெடுப்பு, முடிந்தது. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கம். திருச்சி சிவா தன் இடத்தில் இருந்துதான் கேட்டார் என்பது வீடியோ பதிவில் தெரிகிறது என்று பத்திரிகைகள் எழுதின. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் சஸ்பெண்ட்.

எல்லோரும் அந்தக் கூச்சலை, கிழிந்த காகிதங்களை, மேஜையில் ஏறியவர்களைப் பற்றித்தான் எழுதினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. அன்றைக்கு அ.தி.மு.க.வின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் அந்த மசோதாக்களை விமர்சித்துப் பேசினார். லோக்சபாவில் அதே கட்சியின் ரவீந்திரநாத் ஆதரித்துப் பேசியிருந்தார். சென்னையில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, விவசாயிகளுக்கு நல்லது என்றார். சரி, ராஜ்யசபாவில் எஸ்.ஆர்.பி. என்ன பட்டன் அமுக்கியிருப்பார்? பேச்சின்படியா, கட்சியின்படியா? அந்த ஒரு தகவல் தமிழ்நாட்டு விவசாயிக்கு எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்! அது இல்லாமல் போனது அவருக்கும் கட்சிக்கும் எவ்வளவு சௌகரியம்! குரல் வாக்கெடுப்பு ஆளுங்கட்சிக்கு மட்டும் வசதி என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிற எல்லோருக்கும் அது ஒரு குடை. அந்தச் சட்டங்களை 2021 நவம்பர் 29-ம் தேதி வாபஸ் வாங்கினார்களே, அதுவும் குரல் வாக்கெடுப்புதான். இரண்டு அவையிலும் ஒரே நாளில், விவாதமே இல்லாமல். ஒரு வருஷத்துக்கும் மேலாக டெல்லி எல்லையில் விவசாயிகளை உட்காரவைத்த சட்டங்கள் வந்தபோதும் பெயர் இல்லை, போனபோதும் பெயர் இல்லை.

இந்தப் பின்னணியில்தான், எம்.பி.க்களை மதிப்பெண் போட்டு ஒப்பிடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த பிரைம் பாயிண்ட் ஃபவுண்டேஷன் 2010 முதல் ‘சன்சத் ரத்னா’ விருது கொடுக்கிறது. பி.ஆர்.எஸ். என்ற டெல்லி அமைப்பு 2005 முதல் நாடாளுமன்றப் புள்ளிவிவரங்களைத் திரட்டித் தருகிறது. அது இல்லாவிட்டால் என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் பாதிப் பேர் திண்டாடியிருப்போம். ஆனால் இந்த ஒப்பீடுகளில் எண்ணப்படுவது என்ன? எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை விவாதத்தில் பேசினார், எத்தனை தனிநபர் மசோதா கொடுத்தார். எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்ற காலமே இல்லை.

வருகைப் பதிவு என்பது ரிஜிஸ்டரில் போடுகிற கையெழுத்து. போட்டால் தினப்படி உண்டு. போட்டுவிட்டுப் பத்தாவது நிமிஷம் காரில் ஏறினாலும் அன்றைக்கு அவர் ஆஜர். கேள்வி கேட்பது நல்ல விஷயம்தான்; ஆனால் ‘தமிழ்நாட்டில் எத்தனை ரயில்வே கேட்கள் உள்ளன, விவரம் தருக’ என்பதும் ஒரு கேள்வி. கடை ஊழியரை மதிப்பிடும்போது எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை தடவை கஸ்டமரிடம் பேசினார் என்றெல்லாம் குறித்துவிட்டு, கல்லாவில் என்ன போட்டார் என்பதை மட்டும் விட்டுவிடுகிற முதலாளி உண்டா?

நான் படித்தது பி.காம். பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் தள்ளிவைப்போம். வருஷ முடிவில் ஆடிட்டர் முதலில் விரல் வைக்கிற இடம் அதுதான். நம் ராஜ்யசபாவின் அனாமத்துக் கணக்குக்குப் பெயர் வெளிநடப்பு.

வெளிநடப்பு என்றால் எதிர்ப்பு என்று நாம் பழகிவிட்டோம். தமிழ்நாட்டு சட்டமன்றம் கொடுத்த பழக்கம். பேப்பரிலும் ‘கடும் எதிர்ப்பு: வெளிநடப்பு’ என்றுதான் போடுகிறார்கள். ஆனால் வெளிநடப்பின் அர்த்தம் ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்தால்தான் தெரியும். 2019-ல் நடந்த இரண்டு வெளிநடப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜனவரி 9. பொருளாதாரத்தில் பின்தங்கிய முன்னேறிய வகுப்பினருக்கு 10 சதவிகித இட ஒதுக்கீடு. அரசியல் சட்டத் திருத்தம். 165-க்கு 7 என்று நிறைவேறியது. தி.மு.க. எதிர்த்து ஓட்டுப் போட்டது. அ.தி.மு.க. எதிர்த்துப் பேசிவிட்டு வெளியே போனது. இங்கே அந்த வெளிநடப்பால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அத்தனை பேரும் உள்ளேயே இருந்து எதிர்த்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும். ரெக்கார்டில் பெயர் வந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூலை 30. முத்தலாக் மசோதா. இதிலும் அ.தி.மு.க. எதிர்த்துப் பேசியது. நவநீதகிருஷ்ணன் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு வெளிநடப்பு. நிதீஷ்குமாரின் ஐக்கிய ஜனதா தளமும் எதிர்ப்பு என்று சொல்லிவிட்டு வெளிநடப்பு. முடிவு 99-க்கு 84. வித்தியாசம் 15. வெளியே போன அ.தி.மு.க.வின் பலம் 11, ஐக்கிய ஜனதா தளத்தின் பலம் 6. கூட்டினால் 17. ‘நாங்கள் எதிர்க்கிறோம்’ என்று சொன்னவர்கள் எதிர்த்திருந்தால் 99-க்கு 101. அதாவது அன்றைக்கு அந்த மசோதாவை நிறைவேற்றியது உள்ளே இருந்தவர்கள் மட்டுமல்ல, வராந்தாவில் நின்றவர்களும்தான். வராத பகுஜன் சமாஜ், தெலங்கானா ராஷ்டிர சமிதி எம்.பி.க்களைக்கூட நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரே கட்சி, ஒரே வருஷம், பேப்பரில் ஒரே வார்த்தை. ஆனால் ஜனவரியில் அது வெறும் சைகை. ஜூலையில் அது ஓட்டு. லோக்சபாவில் இதே முத்தலாக் மசோதாவை அ.தி.மு.க.வின் ஒரே எம்.பி. ஆதரித்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால், வராந்தாவுக்குப் போனது எதற்காக என்று புரிந்துகொள்ள அரசியல் விஞ்ஞானம் படிக்க வேண்டியதில்லை.

ஒரு ஆள் உள்ளே இருப்பதும் வெளியே போவதும் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ராஜ்யசபா சரித்திரத்திலேயே அழகான உதாரணம் 1970 செப்டம்பர் 5. ராஜாக்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்க இந்திரா காந்தி கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்தம். லோக்சபாவில் நிறைவேறி ராஜ்யசபாவுக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் ஓட்டுப் போட்டவர்கள் 224. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149.33 வேண்டும். ஒரு ஓட்டுகூட இல்லை, மூன்றில் ஒரு பங்கு ஓட்டில் தோற்றது! ஆதரவாக ஒருவர் கூடுதலாக வந்திருந்தால் போதும். அதைவிட வேடிக்கை, எதிர்த்த 75 பேரில் ஒரே ஒருவர் அந்த நேரம் பார்த்து காபி குடிக்க எழுந்து போயிருந்தாலும் போதும். 223-ல் மூன்றில் இரண்டு பங்கு 148.67, கையில் இருப்பதோ 149. நிறைவேறியிருக்கும். அது தோற்றதால் குடியரசுத் தலைவர் உத்தரவு, அதை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது, அந்த டிசம்பரிலேயே லோக்சபா கலைப்பு, 1971 தேர்தல் என்று வரிசையாக என்னென்னவோ நடந்தது. மானியமும் 1971-ல் 26-வது திருத்தத்தால் ஒழிந்தது.

பேச்சு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம் என்பதில் அ.தி.மு.க. மட்டும் மாட்டுவது நியாயமில்லை. 2012-க்கு வருவோம். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு. வால்மார்ட் வந்தால் நம்மூர் அண்ணாச்சி கடை என்னாகும் என்று தமிழ்நாடே கவலைப்பட்ட சமயம். தி.மு.க. அதை எதிர்த்தது, அந்த செப்டம்பரில் நடந்த பாரத் பந்துக்கும் ஆதரவு. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வந்தபோது? மன்மோகன் அரசுக்கு ஆதரவு. டிசம்பர் 7-ல் ராஜ்யசபாவில் எதிர்க்கட்சிகளின் தீர்மானம் 109-க்கு 123 என்று தோற்றது. கலைஞர் சொன்ன காரணம், ஆட்சி கவிழ்ந்து மதவாத சக்திகளுக்கு வழி திறந்துவிடக் கூடாது என்பது.

லோக்சபாவில் இந்த வாதத்தைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ளலாம். ராஜ்யசபாவில்? அரசியல் சட்டப்படி மத்திய அமைச்சரவை லோக்சபாவுக்குத்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டது. ராஜ்யசபாவில் ஒரு தீர்மானம் தோற்றதால் எந்த அரசும் கவிழாது. கவிழ முடியாது. அண்ணாச்சி கடைக்காக ஒரு ஓட்டுப் போட, கட்சிக்கு ஆபத்தில்லாத இடம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது என்றால் அது ராஜ்யசபாதான். அங்கேயும் போடவில்லை.

அதற்கும் முந்தையது ஒன்று, கொஞ்சம் கசப்பானது. பொடா. 2002 மார்ச் 21-ம் தேதி ராஜ்யசபா அந்த மசோதாவை 98-க்கு 113 என்று நிராகரித்தது. வாஜ்பாய் அரசு விடவில்லை. ஐந்தாம் நாளே கூட்டுக் கூட்டம் கூட்டி, 425-க்கு 296 என்று நிறைவேற்றியது. அன்றைக்கு அந்தக் கூட்டணியில் இருந்த தி.மு.க., ம.தி.மு.க. இரண்டும் ஆதரவு. அந்த ஜூலையிலேயே வைகோ கைது, இதே சட்டத்தில். 19 மாதம் சிறை. ராஜ்யசபா ஒரு காரியத்தைச் சரியாகச் செய்த நாட்களில் ஒன்று அந்த மார்ச் 21 என்று நான் நினைக்கிறேன். அதை ஐந்து நாளில் அழித்த 425 ஓட்டுகளைப் பற்றி வேலூர் சிறையில் வைகோ என்ன யோசித்திருப்பார் என்று அடிக்கடி தோன்றும்.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘என்ன சார், ஓட்டு அவங்களோடதா? விப் போட்டா அதன்படி அமுக்கணும். அமுக்கலைன்னா பதவி போயிடும். இதுல ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு என்ன பண்ணப் போறீங்க?’

நியாயமான கேள்வி. 1985-ல் ராஜீவ் காந்தி கொண்டுவந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கட்சியின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி இழப்பு. நாம் விப்பை ‘கொறடா’ என்கிறோம். கொறடா என்றாலே சாட்டைதான். பெயர் பொருத்தம் பிரமாதம். இந்தச் சட்டம் வந்தது ஆயாராம், காயாராம்களைத் தடுக்க. ஆனால் பெட்டி வாங்கிக்கொண்டு கட்சி மாறுகிறவனுக்கும், மனசாட்சிப்படி ஒரு மசோதாவை எதிர்க்கிறவனுக்கும் ஒரே தண்டனை வைத்துவிட்டார்கள். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் சாட்டையை வைத்துக்கொள்ளுங்கள் என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி சொன்னது. கிஹோட்டோ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், ஆட்சியின் உயிருக்கோ கட்சி மக்களுக்குச் சொன்ன கொள்கைக்கோ சம்பந்தப்பட்ட ஓட்டுகளோடு விப்பை நிறுத்திக்கொள்வது நல்லது என்கிற தொனியில் சொன்னது. காங்கிரஸின் மனீஷ் திவாரி தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். எந்தக் கட்சித் தலைமையும் காதில் வாங்கவில்லை. யார்தான் கையில் இருக்கிற சாட்டையைக் கீழே போடுவார்?

லோக்சபாவுக்கு இந்தச் சாட்டை ஏன் என்பதற்காவது ஒரு பதில் உண்டு: ஆட்சி கவிழக் கூடாது. ராஜ்யசபாவுக்கு அந்தப் பதிலும் இல்லை. ‘நிதானமாக மறுபடி யோசிக்கிற சபை’ என்று சொல்லித்தான் அதைக் கட்டினார்கள். யோசித்தால் பதவி போய்விடும் என்று வேறு சட்டம் போட்டார்கள்.

ஆனாலும் விப் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எம்.பி.யைத் தப்பவிட முடியாது. 2019 ஆகஸ்ட் 5-ம் தேதி, காஷ்மீர் மசோதா அன்று, ராஜ்யசபாவில் காங்கிரஸின் தலைமைக் கொறடா புவனேஸ்வர் கலிதா. மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போடும்படி உறுப்பினர்களுக்கு விப் கொடுக்க வேண்டியவர் அவர்தான். கொடுக்க மாட்டேன் என்று பதவியையே ராஜினாமா செய்துவிட்டார். சில நாளில் பி.ஜே.பி.யில் சேர்ந்தார் என்பதால் இதை மனசாட்சி என்பதா, மார்க்கெட் என்பதா என்று உங்கள் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளுங்கள். வழி இருக்கிறது என்பதற்குத்தான் சொன்னேன். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதாவுக்கு பிஜு ஜனதா தளம் விப்பே போடவில்லை. மனசாட்சிப்படி போடுங்கள் என்றது. எல்லோரும் ஒரே பக்கம் போகவில்லை. உடனே ஒடிசாவில் கட்சிக்குள் ரகளை, ‘யாரைக் கேட்டு மனசாட்சி?’ என்று. அந்த மசோதா ஏப்ரல் 4 அதிகாலையில் 128-க்கு 95 என்று நிறைவேறியது. இதில் அ.தி.மு.க. எதிர்த்து ஓட்டுப் போட்டது. ஏப்ரல் 11-ம் தேதி பி.ஜே.பி.யோடு கூட்டணி அறிவித்தது. ஏழு நாள்.

ஆகவே ஒப்பிட வேண்டும். ஆளையும் ஆளையும் மட்டுமல்ல. ஒரே கட்சியின் லோக்சபா ஓட்டையும் ராஜ்யசபா ஓட்டையும், பேச்சையும் பட்டனையும், ஓட்டையும் அடுத்த தேர்தல் அறிக்கையையும்.

இதெல்லாம் ஒழுங்காக நடக்கிற ஊர் அமெரிக்கா என்று உடனே ஒருவர் கிளம்புவார். அங்கே செனட்டர்களின் ஓட்டு பெயரோடு பதிவாகும், எவர் வேண்டுமானாலும் ஒப்பிடலாம், நிஜம்தான். 2002 அக்டோபரில் இராக் போருக்கு அனுமதி 77-க்கு 23 என்று நிறைவேறியது. ஹிலாரி கிளிண்டன் ஆதரித்து ஓட்டுப் போட்டார். ஆறு வருஷம் கழித்து ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் அந்த ஒரு ஓட்டு அவரைத் துரத்தியது. எதிரே நின்ற ஒபாமா அந்த 2002-ல் செனட்டிலேயே இல்லை. சிகாகோவில் நின்று போரை எதிர்த்துப் பேசினார். ஓட்டுப் போட வேண்டிய இடத்தில் இல்லாதது சில சமயம் பெரிய அதிர்ஷ்டம்.

ஆனால் முழு விவரமும் இருந்தாலும் ஒப்பிடுகிறவர்கள் கோளாறு செய்ய முடியும் என்பதற்கும் அந்த ஊரே சாட்சி. வாஷிங்டனிலிருந்து வந்த ‘நேஷனல் ஜர்னல்’ பத்திரிகை வருஷா வருஷம் செனட்டர்களுக்கு ரேங்க் போடும். 2007-ம் ஆண்டுக்கான கணக்கில் செனட்டிலேயே மிகத் தீவிரமான லிபரல் ஒபாமா, முதல் ரேங்க். ஹிலாரிக்குப் பதினாறாவது ரேங்க். அடேயப்பா, எவ்வளவு வித்தியாசம் என்று தோன்றுகிறதல்லவா? உள்ளே போய்ப் பார்த்தால், பத்திரிகை தேர்ந்தெடுத்த 99 ஓட்டெடுப்புகளில் ஒபாமா கலந்துகொண்டது 66-ல். அதில் 65-ல் லிபரல் பக்கம். ஹிலாரி கலந்துகொண்டது 82-ல். அதில் 77-ல் லிபரல் பக்கம். ஒருவர் ஒரு தடவை மாறினார், இன்னொருவர் ஐந்து தடவை. பிரசாரத்தில் அலைந்ததால் 33 ஓட்டெடுப்புக்கு வராதவர் ஃபர்ஸ்ட் ரேங்க்! பரீட்சைக்கே வராத பாடத்தை ஆவரேஜில் சேர்க்காமல் விட்டால் எந்தப் பையனும் முதல் ரேங்க் வாங்கலாம். இதே பத்திரிகை, அதற்கு முந்தைய தேர்தல் சமயத்தில் ஜான் கெர்ரிக்கும் இதே முதல் ரேங்க்கைக் கொடுத்தது. அவரும் அந்த வருஷம் பிரசாரத்தில்தான் அலைந்துகொண்டிருந்தார். இரண்டு தேர்தலிலும் எதிரணிக்கு இது அல்வா மாதிரி கிடைத்தது.

எனவே நம் ஊரில் யாராவது உற்சாகமாக ‘ஓட்டு ரேங்க்’ ஆரம்பித்தால் எனக்கு முதலில் பயம்தான் வரும். வராததை எப்படி எண்ணினார்கள், வெளிநடப்பை எந்தக் காலத்தில் போட்டார்கள், எந்த மசோதாக்களை எடுத்தார்கள் என்று கேட்காமல் அந்த ரேங்க்கைத் தொடக் கூடாது.

எண்ணப்பட்ட ஓட்டுகூட எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பெண்கள் இட ஒதுக்கீடு மசோதா. 2010 மார்ச் 9-ம் தேதி ராஜ்யசபாவில் 186-க்கு 1. இந்த எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரர், இந்தியாவில் பெண்கள் இட ஒதுக்கீட்டை ஒரே ஒரு ஆள்தான் எதிர்த்தார் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் மூர்க்கமாக எதிர்த்தது சமாஜ்வாதியும் ராஷ்டிரிய ஜனதா தளமும். முந்தின நாள் மசோதாவைக் கிழித்து, மைக்கைப் பிடுங்கி அமர்க்களம். மறுநாள் ஏழு பேரை சஸ்பெண்ட் செய்து, மார்ஷல்களை விட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாயாவதி கட்சி வெளிநடப்பு. மம்தா கட்சி ஓட்டெடுப்பிலேயே கலந்துகொள்ளவில்லை. இவர்கள் ஒருவரும் ‘எதிர்ப்பு’ பட்டியலில் இல்லை.

பட்டியலில் இருக்கிற அந்த ஒருவர் சரத் ஜோஷி. மகாராஷ்டிர விவசாயிகள் சங்கத் தலைவர். பெண்களுக்கு விரோதி என்று அவரைச் சொன்னால் மராட்டிய கிராமங்களில் சிரிப்பார்கள். கணவன் பெயரில் இருக்கிற நிலத்தில் ஒரு பங்கை மனைவி பெயருக்கு எழுதிவைக்கச் சொல்லி இயக்கமே நடத்தியவர். அவருடைய ஆட்சேபம், தொகுதிகளைக் குலுக்கல் மாதிரி மாற்றி மாற்றி ஒதுக்கும் முறைமேல். அடுத்த முறை அந்தத் தொகுதியில் நிற்க முடியாது என்று தெரிந்த எம்.பி. எதற்காக அந்தத் தொகுதியைக் கவனிப்பார் என்று கேட்டார். ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் கேட்டுவிட்டு, உட்கார்ந்து, சிவப்புப் பட்டனை அமுக்கினார். ஒற்றை ஆள் கட்சி என்பதால் அவருக்குச் சாட்டை சொடுக்க ஆள் இல்லை.

2023 செப்டம்பர் 21-ம் தேதி புதிய மசோதா ராஜ்யசபாவுக்கு வந்தபோது ஆதரவு 214, எதிர்ப்பு பூஜ்யம். 2010-ல் மைக்கைப் பிடுங்கிய இரண்டு கட்சிகளும் ஆதரவு. ஜோஷி அப்போது உயிரோடு இல்லை, 2015-லேயே காலமாகிவிட்டார். சுழற்சி புதிய சட்டத்திலும் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வியை மறுபடி கேட்க 214 பேரில் ஒருவரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. 2010 மார்ச் 9-ம் தேதிக்கான ராஜ்யசபா நடவடிக்கைக் குறிப்பில், ‘எதிர்ப்பவர்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே அந்த ஒற்றைப் பெயர் அச்சாகியிருக்கிறது.